நாலு விரற்கடை

பர்மா பஜாரில், பூட்டு விற்கும் கடைக்குப் பக்கத்துக் கடை.
ஜபருல்லா நூற்றைந்து மில்லி லென்ஸை எடுத்து
வஞ்சிரத் துண்டை வைப்பதுபோல வைத்தார்,
வெட்டின பக்கம் மேலே தெரிய.
"இதுதான் மேடம் மேக்ரோவுக்கு ராஜா.
அந்தமானா, லட்சத்தீவா?"
"எண்ணூர்."
கால்குலேட்டரில் இருந்த விரல் அங்கேயே நின்றது.
"எண்ணூர்ல தண்ணிக்குள்ள
இன்னாத்த எடுப்பீங்க?"

சிரிக்கட்டும்.
காசிமேட்டில் ஐஸ் பாருக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேசிங்குவோடு இறங்குகிறேன்.
அவன் விசைப்படகு புரொப்பல்லரில் சுற்றிய வலையை
கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு போய் அறுக்கிறவன்.
கீழே போனால் என் கை
முழங்கை வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.
அதற்கப்பால் இருப்பது யார் கையோ.

போன மாசம் தூண்டில் வளைவுக் கல்லிடுக்கில்,
அறுந்த நைலான் கயிற்றின் மேல்
பச்சரிசி அளவில் ஒன்று நகர்ந்தது.
ஓடில்லாத நத்தை.
வெள்ளை உடம்பு, ரெண்டு மஞ்சள் கொம்பு,
முதுகில் செவுளை
வெளியிலேயே காயப்போட்டிருந்தது.
சாம்பல் கலந்து வரும் தண்ணீரில்
எப்படி அத்தனை வெள்ளையாக.
மேலே வந்து சொன்னேன்.
"எத்தினியோ பாத்துக்கிறேன்," என்றான் தேசிங்கு,
"பேர் தெரியாதத யார்கிட்ட போய்ச் சொல்றது."

அன்றைக்கு எடுத்த முடிவுதான்.
சீட்டைத் தள்ளி எடுத்தேன், ஒன்பதாயிரம் நஷ்டத்துக்கு.

பழைய கேமரா மலிவுதான்.
அதற்குப் போடுகிற சட்டை,
நாற்பது மீட்டர் ஆழம் தாங்குகிற ஹவுசிங்,
கேமராவைப் போல ரெண்டு மடங்கு.
ஃபிளாஷை லென்ஸுக்கு நேர்மேலே வைத்தால்
மார்கழிப் பனியில் மணலி ரோட்டு லாரி வெளிச்சம் மாதிரி
ஒவ்வொரு தூசும் நானே நானே என்று முன்னால் வரும்.
பக்கவாட்டில் நீட்ட ரெண்டு கை வேண்டும்.
வெளிச்சத்தைக் குவிக்கிற புனலை
பிவிசி குழாயிலும் கறுப்பு டேப்பிலும் நானே செய்துகொள்வேன்.
அதற்கு எட்டாயிரம் கேட்கிறவன் கேட்கட்டும்.

மிச்சம் லென்ஸ்.
ராஜாவுக்கு ஒரு சாண் தூரம் வேண்டும்.
வெட்கப்படுகிற மீனைத் தள்ளி நின்று எடுக்கலாம், சரி.
ஆனால் அந்த ஒரு சாணும் தெளிந்த தண்ணீராக இருக்கவேண்டும்.
ஒரு சாண் தெளிவு
எங்கள் கடலில் யாரிடம் இருக்கிறது?

"அறுபது மில்லி இருக்கா?"
கீழ்த்தட்டிலிருந்து வந்தது, விளிம்பில் கீறலோடு.
"இதுல ரொம்பக் கிட்டப் போவணும் மேடம்.
நாலு விரற்கடை."
போகிறேன்.
நாலு விரற்கடைக்குள் சேறு எவ்வளவு இருந்துவிடும்?
கிட்டப் போனால் எண்ணூரும் தெளிவுதான்.
இதை அவரிடம் சொல்லவில்லை,
சொன்னால் விலையை ஏற்றுவார்.

இப்போது ராத்திரி பதினொன்றரை.
கேமராவை வெளியே வைத்துவிட்டு
வெறும் ஹவுசிங்குக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து,
ஓ-ரிங்கில் ஒரு தலைமுடியும் இல்லையென்று
விளக்கடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்து,
கிரீஸ் தடவி, மூடி,
மெட்ரோ வாட்டர் பிடிக்கிற நீல டிரம்முக்குள் இறக்கினேன்.
மிதந்தது. அம்மிக்குழவியை மேலே வைத்தேன்.
ஒரு மணி நேரம்.

எடுத்துத் துடைத்துத் திறந்தால்
பேப்பரில் ஒரு மூலை மட்டும் லேசாக நமுத்திருக்கிறது.
கசிவா,
மடிக்கும்போது என் விரலில் இருந்த வியர்வையா?
முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் வாசனை.

வேறு பேப்பர் எடுத்தேன்.
இந்தத் தடவை கையைத் துடைத்துக்கொண்டு.
அஞ்சு மணிக்கு லாரி வரும்,
அதற்குள் டிரம் காலியாகவேண்டும்.